‘ஈசிஜி நார்மல்’ என்ற பிறகு: பணி அழுத்தப் பதற்றத்துக்குச் செவிலியர் எழுதும் பராமரிப்புத் திட்டம்

நெஞ்சுப் படபடப்போடும் மூச்சுத் திணறலோடும் நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வருபவரின் ஈசிஜியில் கோளாறு எதுவும் தெரியாதபோது, "ஒண்ணுமில்லைங்க, டென்ஷன்தான்" என்று சொல்லி ஒரு மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவது நம் மருத்துவமனைகளில் பரவலான வழக்கம். டென்ஷன்தான் என்பது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதே மனிதர் இரண்டு வாரத்தில் மீண்டும் அதே கட்டிலில் படுத்திருக்கிறார் என்றால், முதல் முறை அவருக்குக் கிடைத்தது ஒரு சொல் மட்டுமே என்று பொருள். அந்தச் சொல்லைப் பராமரிப்பாக மாற்றும் ஆவணத்துக்குத்தான் செவிலியப் பராமரிப்புத் திட்டம் என்று பெயர். வார்டுகளிலும் கல்லூரிகளிலும் அதைக் ‘கேர் பிளான்’ என்பார்கள்.

வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்ற பேச்சு 2023இல் எழுந்து, அது 2025 தொடக்கத்தில் 90 மணி நேரம் வரை நீண்டதிலிருந்து, பணி அழுத்தம் பற்றிய செய்திகள் தொடர்ந்து வருகின்றன. அவற்றில் அழுத்தம், பதற்றம், பர்ன்அவுட் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் புழங்குகின்றன. திட்டம் எழுதுபவருக்கு இந்தக் குழப்பம் ஆகாது.

மூன்று சொற்கள், மூன்று நிலைகள்

1. அழுத்தம் என்பது, ஒருவர் மீது விழும் கோரிக்கைக்கு உடலும் மனமும் தரும் பதில். அழுத்த ஆய்வின் முன்னோடியான ஹான்ஸ் செல்யே 1936இல் விவரித்த வரிசைப்படி இது மூன்று கட்டங்களில் நகர்கிறது: முதலில் உடல் எச்சரிக்கை அடைகிறது, பிறகு தாக்குப்பிடிக்கிறது, கோரிக்கை ஓயாவிட்டால் இறுதியில் களைத்துப்போகிறது. அழுத்தம் தானாகவே ஒரு நோய் அன்று.

2. பதற்றம் என்பது, நடக்கப்போவதாக மனம் எதிர்பார்க்கும் ஒரு தீங்குக்கு உடல் இப்போதே ஆயத்தமாகிவிடுவது. அட்ரினலின் சுரக்க, நாடி விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, மூச்சு மேலோட்டமாகிறது. அழுத்தத்துக்கான காரணம் விலகினாலும் பதற்றம் விலகாமல் நிற்கலாம். விடுமுறை நாளிலும் கைபேசி அதிர்ந்தவுடன் வயிற்றைப் பிசைகிறது என்று சொல்பவரிடம் நாம் காண்பது இதைத்தான்.

3. பர்ன்அவுட் எனப்படும் பணிச்சோர்வை உலகச் சுகாதார நிறுவனம் ஐசிடி-11 என்ற தன் நோய் வகைப்பாட்டில் நோயாகச் சேர்க்கவில்லை. பணி சார்ந்த நிகழ்வாகவே குறிப்பிடுகிறது. சரியாகக் கையாளப்படாத நீடித்த பணி அழுத்தத்தால் சக்தி வற்றிப்போவது, வேலையின் மீது பற்று விட்டுப்போவது, தன் திறமை குறைந்துவிட்டதாக உணர்வது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். 2019இல் ஏற்கப்பட்ட இந்த வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பர்ன்அவுட்டை நோய் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டதாக அப்போது வந்த செய்திகள் தவறானவை.

செவிலியரின் நோயறிதல் எங்கே வேறுபடுகிறது

மருத்துவர் நோய்க்குப் பெயரிடுகிறார். அந்த நோயோடு, அல்லது நோயென்று பெயரிடப்படாத ஒரு நிலைமையோடு, இந்த மனிதர் எப்படி நாளைக் கழிக்கிறார் என்பதற்குச் செவிலியர் பெயரிடுகிறார். இதைச் சீர்ப்படுத்தும் முயற்சி 1973இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய முதல் மாநாட்டில் தொடங்கியது. 1982இல் நாண்டா என்ற அமைப்பு உருவானது. அதன் சொற்பட்டியலைத்தான் நம் ஊர்க் கல்லூரிகளும் பின்பற்றுகின்றன.

இதில் ஒரு நோயறிதல் மூன்று துண்டுகளால் ஆனது: சிக்கல் எது, எதைச் சார்ந்து அது எழுந்தது, எந்தச் சான்றைக் கொண்டு சொல்கிறோம். ஆங்கிலப் படிவத்தில் ‘ரிலேட்டட் டு’ (சார்ந்த) என்று வரும் அந்த நடுத் துண்டை இங்கே காரண வரி என்று அழைக்கலாம். மாணவர்கள் பெரும்பாலும் புத்தகத்திலிருந்து பெயர்த்து எழுதிவிட்டுப் போவது இந்த வரியைத்தான். திட்டம் பயன்படுமா வீணாகுமா என்பதும் இந்த வரியில்தான் முடிவாகிறது, ஏனெனில் நாம் செய்யப்போகும் ஒவ்வொரு செயலும் காரணத்தை நோக்கியே ஏவப்படுகிறது.

ஒரு மாதிரி நோயாளி

விளக்கத்துக்காக அமைத்துக்கொண்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 34, திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு போய்ச் சேரும்வரை பின்தொடர்பவர். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒரு டி-ஷர்ட் கடக்கும் படிகள் பலவும் வெளி யூனிட்களில் ஜாப் ஒர்க்காக நடப்பவை. டையிங்கில் ஷேட் மாறினாலும், பிரிண்டிங்கில் துணி இரண்டு நாள் தேங்கினாலும் பையரிடம் (சரக்கை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்திடம்) பதில் சொல்ல வேண்டியவர் இவர். அந்த யூனிட்கள் எதிலும் இவர் வைத்தது சட்டமில்லை. சரக்கு தேதிக்குக் கப்பலேறாவிட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்தச் செலவு யார் தலையில் விழும் என்ற பேச்சில் முதலில் அடிபடுவது இவர் பெயர்தான். நியூயார்க்கில் அலுவலகம் திறக்கும் காலை 9 மணி, குளிர்காலத்தில் திருப்பூரின் இரவு 7.30. வேலை முடியும் நேரத்தில் அடுத்த வேலை தொடங்குகிறது.

"நாலு மாசமா தூக்கமே வர்றதில்லைங்க சிஸ்டர். வந்தாலும் மூணு மணிக்கு முழிப்புத் தட்டிருதுங்க. நெஞ்செல்லாம் கேஸ் அடைச்ச மாதிரி இருக்குது, கை விரலெல்லாம் மரத்துப் போகுது" என்கிறார்.

முதலில் உடல்

பதற்றம் என்று எழுதுவதற்கு முன் கழிக்க வேண்டியவற்றைக் கழித்தாக வேண்டும். நெஞ்சு வலியோடு வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுப்பது விதி; வேலையில் டென்ஷன் என்று அவரே சொன்னாலும் அந்த விதி தளராது. பெண்களுக்கு மாரடைப்பு வலியாக வராமல் களைப்பாகவும் குமட்டலாகவும் மூச்சுத் திணறலாகவும் வருவதுண்டு என்பதால், இளவயதுப் பெண் என்ற காரணத்தால் காத்திருப்பு வரிசையில் பின்தள்ளுவது ஆபத்தானது.

தைராய்டு மிகுதியாகச் சுரந்தால் படபடப்பும் கை நடுக்கமும் தூக்கமின்மையும் அச்சு அசலாகப் பதற்றத்தைப் போலவே தோன்றும். இரத்தசோகை இன்னொன்று: 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது இருக்கிறது. படியேறினால் படபடக்கிறது என்பவருக்கு ஹீமோகுளோபின் பார்க்காமல் மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுப்பதில் பயனில்லை. இரத்தச் சர்க்கரை, ஆஸ்துமாவுக்கு எடுக்கும் மருந்துகள், மதுவை திடீரென நிறுத்தியது, ஒரு நாளில் குடிக்கும் காபி, டீயின் எண்ணிக்கை ஆகியவற்றையும் கேட்டறிய வேண்டும்.

கேட்டுப் பெறும் தகவல்

தமிழில் பதற்றத்துக்குப் பெரும்பாலோர் வைத்திருக்கும் சொல் உடலின் சொல். கேஸ், கிறுகிறுப்பு, நெஞ்சடைப்பு, பிபி ஏறுது, கை கால் வெலவெலன்னு வருது என்றுதான் சொல்வார்கள். "உங்களுக்குப் பதற்றம் இருக்கிறதா?" என்ற நேர்க்கேள்விக்கு இல்லை என்ற பதில் வந்தால், இல்லை என்று எழுதிவிடக் கூடாது. அவர் சொன்ன சொல்லையே மேற்கோளில் பதிவு செய்ய வேண்டும். நோயாளி கூறுவது என்ற பத்தி படிவத்தில் இருப்பது அதற்காகத்தான். செவிலியர் தாமே கண்டவை தனியாக வரும்: நாடி நிமிடத்துக்கு 112, மூச்சு 26, ஆக்சிஜன் அளவு 99 சதவீதம், உள்ளங்கை ஈரம், பேச்சுக்கு நடுவே நான்கு முறை கைபேசியைப் புரட்டிப் பார்த்தது.

அளப்பதற்கு ஜிஏடி-7 என்ற வினாப்பட்டி உதவும். 2006இல் வெளியான இதில், கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஏழு கேள்விகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 21. மதிப்பெண் 5 முதல் லேசானது, 10 முதல் மிதமானது, 15 முதல் கடுமையானது எனக் கொள்வர். இது சல்லடை மட்டுமே. நோயை உறுதிப்படுத்துவது மருத்துவரின் பொறுப்பு. நம் மாதிரி நோயாளி 14 பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து வருவது பலரும் தயங்கும் கேள்வி. தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற அச்சம் செவிலியர்களிடமும் இருக்கிறது. கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை. "இப்படியே போனா செத்துட்டாக்கூட பரவாயில்லைன்னு எப்பவாவது தோணியிருக்குங்களா?" என்று குரலை மாற்றாமல் கேட்க வேண்டும். ஆம் என்றால் திட்டத்தின் வரிசையே மாறுகிறது: தனியாக விடாமல் இருப்பது, மருத்துவருக்கு உடனே தெரிவிப்பது, குடும்பத்தில் அவர் நம்பும் ஒருவரை அழைப்பது எல்லாம் முதலில் வந்துவிடும்.

பணி பற்றிய கேள்விகளுக்கு இரண்டு கோட்பாடுகள் வழிகாட்டுகின்றன. 1979இல் ராபர்ட் கராசெக் முன்வைத்ததன்படி, வேலையின் கோரிக்கை மிகுந்தும் அதன் மீது தனக்குள்ள கட்டுப்பாடு குறைந்தும் இருக்கும் இடத்தில்தான் இறுக்கம் உச்சமடைகிறது. கொடுக்கும் உழைப்புக்கும் கிடைக்கும் ஊதியம், மதிப்பு, பணிப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கும் இடையிலான பொருத்தமின்மையை 1996இல் யோஹானஸ் சீக்ரிஸ்ட் சுட்டினார். இவற்றை எளிய கேள்விகளாக்கினால் இப்படி வரும்:

1. ஒரு நாளில் எந்த வேலையை எப்போது செய்வது என்பதை யார் முடிவு செய்கிறார்?
2. உங்கள் மீது பழி வரும் தவறுகளில் எவற்றைத் தடுக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது?
3. வேலையைப் பற்றிய கடைசி அழைப்போ வாட்ஸ்அப் செய்தியோ இரவு எத்தனை மணிக்கு வருகிறது?
4. சிக்கல் வந்தால் அலுவலகத்தில் யாரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியும்?

நான்காவது கேள்விக்கு நெடுநேரம் பதில் வராமல் இருந்தால், அந்த மௌனத்தையும் பதிவு செய்யலாம்.

காரண வரியை எழுதுதல்

"வேலைப்பளு சார்ந்த பதற்றம்" என்று எழுதிவிட்டால் அடுத்து என்ன செய்வது? வேலைப்பளுவைக் குறைக்கும்படி அறிவுரை கூறுவது என்று எழுதலாம், அவ்வளவுதான். அவர் குறைக்க முடிந்திருந்தால் இங்கே வந்திருக்கமாட்டார்.

மேலே கேட்ட கேள்விகளின் பதில்களைக் கொண்டு எழுதினால் வரி வேறாகிறது: "தம் அதிகாரத்தில் இல்லாத யூனிட்களின் தாமதத்துக்குத் தாமே பொறுப்பேற்க வேண்டியிருப்பதும், இரவு 11 மணி வரை நீளும் பணித் தொடர்பும் சார்ந்த பதற்றம், நாடி 112, ஜிஏடி-7 மதிப்பெண் 14, ‘போன் அடிச்சாலே பக்குனு இருக்குதுங்க’ என்ற கூற்று ஆகியவை சான்று." இதில் இரண்டு காரணங்கள் பிரிந்து நிற்கின்றன. இரவுத் தொடர்பில் நோயாளியே ஓரளவு கை வைக்கலாம். பொறுப்புக்கும் அதிகாரத்துக்கும் உள்ள இடைவெளியை அவருடைய மூச்சுப் பயிற்சி அசைக்காது; அதற்கு மேலாளர் வேண்டும். எது யார் கையில் என்பதை இந்த ஒரே வாக்கியம் காட்டிவிடுகிறது.

கூடவே, தூக்க முறை குலைந்திருப்பதும், சூழலைச் சமாளிக்கும் வழிகள் போதாமல் இருப்பதும் தனித்தனி நோயறிதல்களாக எழுதப்படும். எதை முதலில் கவனிப்பது என்பதில் உயிர்ப் பாதுகாப்பு முதலிடம் பெறும். அடுத்து தூக்கம் போன்ற உடல் தேவைகள், அதன் பிறகே சமாளிப்புத் திறன்.

இலக்கு: அளக்க முடிவது மட்டும்

"நோயாளியின் பதற்றம் குறையும்" என்பது விருப்பம். இலக்குக்கு நாளும் அளவும் வேண்டும்.

1. ஒரு மணி நேரத்துக்குள் மூச்சு விகிதம் 20க்குக் கீழே வரும். விரல் மரப்பு நீங்கும்.
2. வீடு திரும்புமுன், படபடப்பு எழும்போது செய்ய வேண்டியதைத் தாமே செய்து காட்டுவார்.
3. இரண்டு வாரத்தில், வாரத்துக்கு ஐந்து இரவுகளாவது தொடர்ச்சியாக ஆறு மணி நேரம் தூங்கியதாகக் குறிப்பேட்டில் எழுதியிருப்பார்.
4. ஆறு வாரத்தில் ஜிஏடி-7 மதிப்பெண் 10க்குக் கீழே இறங்கும்.

இவற்றை நோயாளியோடு சேர்ந்து அமைப்பது முக்கியம். வேலையை விட்டுவிடுவது என்ற இலக்கைச் செவிலியரோ மாமியாரோ அவர் மீது சுமத்த இடமில்லை. வீட்டுக் கடனின் மாதத் தவணை அந்தச் சம்பளத்தில் ஓடுகிறது என்பது படிவத்தில் எங்கும் கேட்கப்படாத தகவலாக இருக்கலாம்.

செயல்களும் அவற்றின் காரணமும்

செயலைத் தேர்ந்தெடுக்குமுன் பதற்றத்தின் படியை அறிய வேண்டும். உளநலச் செவிலியத்தின் முன்னோடியான ஹில்டகார்ட் பெப்லாவ் அதை லேசானது, மிதமானது, கடுமையானது, பீதி நிலை என நான்காகப் பிரித்தார். முதல் இரண்டு படிகளில் மனிதர் கற்றுக்கொள்ள முடியும். கடுமையான படியில் கவனம் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும். பீதி நிலையில் சொல்வது காதில் விழும், மனதில் ஏறாது. அந்த நேரத்தில் கையில் துண்டறிக்கையைக் கொடுத்துத் தூக்க ஒழுங்கைப் பற்றி விளக்குவது, சரியான செயலைத் தவறான நேரத்தில் செய்வது.

பீதி நிலையில் இருப்பவருக்குச் செய்ய வேண்டியவை எளியவை. கட்டிலருகே நிற்க வேண்டும். திரையை இழுத்துவிட்டு, கூடி நிற்கும் உறவினரில் ஒருவரை மட்டும் இருக்கச் சொல்ல வேண்டும். வாக்கியங்கள் சிறியதாக இருக்க வேண்டும்: "நான் இங்கேயே இருக்கேங்க. என்னோட சேர்ந்து மூச்சு விடுங்க." நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வெளிவிடச் செய்யலாம். வேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைவதால்தான் விரலும் உதடும் மரக்கின்றன என்பதையும், மூச்சு சீரானால் அது நீங்கும் என்பதையும் சற்றுத் தெளிந்த பிறகு சொன்னால், பக்கவாதம் வந்துவிட்டதோ என்ற அச்சம் பாதி அடங்கும். காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லும் பழைய முறை இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. இதய, நுரையீரல் நோய் மறைந்திருந்தால் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும்.

தவிர்க்க வேண்டிய பேச்சும் திட்டத்தின் பகுதியே. "டென்ஷன் ஆகாதீங்க", "எதையும் மனசுல வெச்சுக்காதீங்க", "உங்களைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனையோ பேரு" ஆகிய மூன்றும் நல்லெண்ணத்தில் சொல்லப்படுபவை. மூன்றுமே நோயாளியின் வாயை அடைத்துவிடுகின்றன. அதற்கு மாறாக, "ராத்திரி போன் வரும்போது உடம்புக்கு என்ன ஆகுதுங்க?" என்று கேட்டால் அவர் பேசத் தொடங்குவார்.

பதற்றம் மிதமான படிக்கு இறங்கிய பிறகு கற்பித்தல் தொடங்கலாம்:

1. கவலைக் குறிப்பேடு: படபடப்பு எழுந்த நேரம், அதற்கு முன் நடந்தது, மனதில் ஓடிய எண்ணம். ஒரு வாரம் எழுதினால் தூண்டும் நிகழ்வு எது என்று அவருக்கே புலப்படும்.
2. தசைத் தளர்வுப் பயிற்சி: காலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தசைத் தொகுதியாக இறுக்கித் தளர்த்துவது. எட்மண்ட் ஜேக்கப்சன் உருவாக்கிய இம்முறை, தூங்கப்போகும் முன் பத்து நிமிடம் போதும்.
3. காபியும் டீயும் பிற்பகலோடு நிற்க வேண்டும். குடித்த காபியில் பாதியளவு கஃபீன் சுமார் ஐந்து மணி நேரத்துக்குப் பிறகும் உடலில் இருக்கும்.
4. கைபேசி படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஏற வேண்டும். அலாரத்துக்கு ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம்.

மருத்துவர் மருந்து எழுதியிருந்தால் செவிலியர் விளக்க வேண்டியவை இரண்டு. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். முதல் நாட்களில் படபடப்பு சற்றுக் கூடுவதும் உண்டு. அல்பிரசோலம் போன்ற அமைதியூட்டும் மாத்திரைகள் உடனே கேட்கும், ஆனால் பழக்கமாகிவிடும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் தொடர்ந்து வாங்குவதும், திடீரென நிறுத்துவதும் இரண்டுமே கூடாது.

பணியிடத்தின் பங்கு

காரண வரியின் முதற்பாதி இன்னும் தொடப்படவில்லை. பெரும்பாலான கேர் பிளான்கள் இங்கே நின்றுவிடுகின்றன, அதாவது வேலை கெடுத்த உடலை வேலைக்குத் தகுந்தபடி பழக்கி அனுப்பிவிடுகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல், தனிமனிதப் பயிற்சிகளோடு மேலாளர்களுக்குப் பயிற்சியையும் பணி அமைப்பில் மாற்றங்களையும் சேர்த்தே பரிந்துரைக்கிறது. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகளவில் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்கள் இழக்கப்படுவதாக அந்நிறுவனத்தின் மதிப்பீடு கூறுகிறது.

மருத்துவமனைச் செவிலியர் கம்பெனிக்குப் போய் எதையும் மாற்ற முடியாது. ஆனால் மேலாளரிடம் என்ன கேட்பது என்பதை நோயாளியோடு உட்கார்ந்து ஒத்திகை பார்க்க முடியும். "வேலை ஜாஸ்தியா இருக்குதுங்க சார்" என்பது எளிதில் தட்டிக்கழிக்கக்கூடிய முறையீடு. "டையிங் யூனிட் தாமதத்தை ஃபாலோ பண்ற பொறுப்பு புரொடக்‌ஷன் மேனேஜர்கிட்ட இருக்கட்டுங்க, ராத்திரி ஒன்பதரைக்கு மேல வர்ற பையர் மெயிலுக்குக் காலையில எட்டு மணிக்குப் பதில் போடறேனுங்க" என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டும்.

விடுப்புக்கான சான்றிதழில் என்ன எழுதப்படும் என்பது நோயாளியின் உண்மையான கவலை. மனநலம் என்ற சொல் பணிக் கோப்பில் ஏறிவிடுமோ என்று அஞ்சியே பலர் மறு வருகையைத் தவிர்க்கின்றனர். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரின் உடல்நல, மனநல, சிகிச்சைத் தகவல்கள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையை வழங்குகிறது. அவர் ஒப்புதலின்றி அலுவலகத்திலிருந்து வரும் தொலைபேசி விசாரணைக்கு வார்டிலிருந்து பதில் போகக் கூடாது என்பதையும் திட்டத்தில் ஒரு வரியாக எழுதிவைக்கலாம். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலி-மானஸ் (தொலைபேசி மனநல ஆலோசனை) எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த அரசுச் சேவையில் தமிழிலும் பேசலாம்.

மறுமதிப்பீடு

இரண்டு வாரம் கழித்து நம் மாதிரி நோயாளி வருகிறார். குறிப்பேட்டின்படி வாரத்துக்கு நான்கு இரவுகள் ஆறு மணி நேரம் தூங்கியிருக்கிறார், இலக்கு ஐந்து. ஜிஏடி-7 மதிப்பெண் 14இலிருந்து 11. ஒன்பதரைக்கு மேல் மெயில் பார்ப்பதில்லை என்பதற்குக் கம்பெனி ஒப்புக்கொண்டது. டையிங் யூனிட் இன்னும் இவர் தலையில்தான் இருக்கிறது. படபடப்பு வந்த ஆறு நேரங்களில் ஐந்து, டையிங் மாஸ்டரோடு பேசிய பிறகு வந்தவை என்று குறிப்பேடு காட்டுகிறது. "இலக்கு பகுதியளவு எட்டப்பட்டது" என்று எழுதிவிட்டு, காரண வரியிலிருந்து இரவுத் தொடர்பை நீக்கி, பொறுப்புக்கும் அதிகாரத்துக்கும் உள்ள இடைவெளியை மட்டும் வைத்து, செவிலியர் அதே தாளில் இன்றைய தேதியிட்டு அடுத்த வரியைத் தொடங்குகிறார்.